ஆற்றங்கரைப் புரூவரியில் ஒரு மாலை: மேசை பிடிப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

ஆற்றங்கரையில் தானே பீர் காய்ச்சி விற்கும் உணவகத்துக்குள், அதாவது புரூவரிக்குள், நுழைந்தவுடன் பட்டியலைக் கேட்காதீர்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலாக எஃகுத் தொட்டிகள் நிற்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். எதில் என்ன இருக்கிறது என்று கரும்பலகையிலோ, தொட்டியின் கழுத்தில் தொங்கும் அட்டையிலோ எழுதியிருப்பார்கள். பிறகு பரிமாறுபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாகத் திறந்த தொட்டி எது?" உடனே பதில் வந்தால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். "எல்லாமே நன்றாக இருக்கும் சார்" என்று மழுப்பினால், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சிங்கப்பூர் ஆற்றோரம் இப்படி ஓர் உணவகத்தில் பல ஆண்டுகள் தட்டு தூக்கியவன் நான். சொந்த ஊர் மன்னார்குடி. பரிமாறுபவனாகச் சேர்ந்து, பின்னால் பீர்க் குழாய்களுக்குப் பொறுப்பாளன் ஆனேன். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். அங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், பீர் என்றால் பாட்டில், பாட்டில் என்றால் தெரிந்த நாலு பெயர் என்று பழகியிருப்பார்கள். அந்தப் பெயர்களை இங்கே பட்டியலில் தேடுவார்கள், இருக்காது. கடைசியில் விலை குறைந்ததையோ போதை கூடியதையோ கேட்டுவிட்டு, வந்ததைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போட்டுப்போகும் காசைப் பார்த்து எனக்குத்தான் வயிறு எரியும்.

இங்கே நீங்கள் காசு கொடுப்பது இரண்டு பொருளுக்கு. ஒன்று, பத்தடி தூரத்திலிருந்து குழாய் வழியாக வரும் பீரின் புதுமை. இன்னொன்று, பக்கத்தில் கிடக்கும் தண்ணீர். இரண்டையும் குறைவில்லாமல் வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் குறிப்புகள்.

இடமும் நேரமும்

சிங்கப்பூரில் இந்த வகை உணவகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புரூவெர்க்ஸ். 1997-ல், ஆற்றோரக் கேளிக்கைப் பகுதியான கிளார்க் கீக்கு எதிர்க்கரையில், ரிவர்சைடு பாயிண்ட் கட்டடத்தில் தொடங்கியது. மரினா பே நிதி மையத்தின் முதல் கோபுரத்தில் 33-ஆம் மாடியில் 2010-ல் திறந்த லெவல் 33, செப்பு அண்டாக்களை வாசலிலேயே நிறுத்திவைத்து, நகரக் கட்டடத்துக்குள் இருக்கும் உலகின் மிக உயரமான புரூவரி என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே பார்வைக்குக் கடலும் விரிகுடாவும் கிடைக்கும். விலையும் மாடிக்கேற்ப ஏறும். கால் நீட்டி, கையால் எடுத்துச் சாப்பிட்டு, சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்றால் ஆற்று மட்டத்தில் இருக்கும் கடைகளே சரி. வாடகையும் குத்தகையும் இந்த ஊரில் கடைகளை அடிக்கடி இடம் மாற்றும். கிளம்புமுன் எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வார நாள், மாலை ஐந்தரை மணி. இதைவிட நல்ல நேரம் கிடையாது. அலுவலகக் கூட்டம் ஏழு மணிக்குமேல்தான் வந்து குவியும். பல கடைகளில் மாலைக்கு முன்பு பீர் விலை குறைவு. மணி ஏற ஏற விலையும் ஏறும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும். ஆகவே ஐந்தரைக்கு உட்கார்ந்தால் வெளிச்சத்தில் ஒரு கோப்பை, அந்தியில் ஒரு கோப்பை, விளக்கு போட்டபின் சாப்பாடு என்று மூன்று கட்டமும் ஒரே மேசையில் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுகளில் போவது என்றால் மேசையை முன்பதிவு செய்யுங்கள். அன்று சமையலறையும் திணறும், குழாயில் நிற்பவனும் திணறுவான்.

மேசை கேட்கும்போது "தண்ணீர் ஓரம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மேற்கு வெயில் முகத்தில் அடிக்காத பக்கமா, தலைக்குமேல் மின்விசிறி சுழல்கிறதா, கூரையின் விளிம்பு மேசையைத் தாண்டி நீள்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். பிற்பகல் இடிமழை இங்கே சொல்லிக்கொண்டு வராது. தண்ணீருக்கு மிக ஒட்டிய முதல் வரிசையைவிட, கூரைக்குள் இருக்கும் இரண்டாம் வரிசைதான் எனக்குப் பிடிக்கும். முதல் வரிசையில் படம் எடுப்பார்கள். இரண்டாம் வரிசையில் சாப்பிடுவார்கள்.

முன்னால் கிடக்கும் தண்ணீர்

பீர் வரும்வரை ஆற்றைக் கொஞ்சம் பாருங்கள். இன்று விளக்குப் போட்ட உல்லாசப் படகுகள் போகும் இதே தண்ணீரில்தான் ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் ரப்பரும் ஏற்றிய தோணிகள் இடித்துக்கொண்டு நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தச் சரக்குத் தோணிகளைத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டடங்கள்), கணக்குப்பெட்டியைச் சாய்த்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தியவர்கள் நகரத்தார். ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக ஒரு செட்டியார் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையை இன்றும் பார்க்கலாம். அவர்கள் 1859-ல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில், கிளார்க் கீயிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் டேங்க் ரோட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மாலையில் போகத் திட்டமிட்டால் முதலில் கோயில், பிறகு பீர். வரிசையை மாற்றாதீர்கள்.

அழுகல் நாற்றம் அடித்துக்கொண்டிருந்த ஆற்றை 1977-ல் தொடங்கி 1987 வரை பத்தாண்டுகள் சுத்தம் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளும் தெருவோரக் கடைகளும் இடம் பெயர்ந்தன; 1983-ல் தோணிகளையும் நகருக்கு மேற்கே கடலோரமாக இருக்கும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 2008-ல் மரினா அணை வந்ததும் கடல் தண்ணீர் உள்ளே வருவது நின்று, இந்த ஆறு குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. நீங்கள் எட்டிப் பார்க்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாகச் சுற்றி ஒருநாள் உங்கள் கோப்பைக்கே வரக்கூடும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரைக் கொண்டு, பொதுப் பயனீட்டுக் கழகமும் புரூவெர்க்ஸும் சேர்ந்து நியூபுரூ என்ற பீரைக் காய்ச்சின. 2018-ல் ஒரு தண்ணீர் மாநாட்டில் அறிமுகமாகி, 2022-ல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் உப்பும் தாதுவும் அநேகமாக எதுவுமே இல்லாததால், காய்ச்சுபவர் தனக்கு வேண்டிய உப்புகளை வேண்டிய அளவில் சேர்த்துக்கொள்ள முடியும். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கோப்பை வந்ததும்

வாயில் வைக்குமுன் கண்ணால் பாருங்கள். கோப்பையின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பசையோ சோப்போ மிச்சம் இருக்கிறது. சுத்தமான கோப்பையில் குமிழி ஒட்டாது, அடியிலிருந்து நேராக மேலே ஏறும். நீங்கள் ஒவ்வொரு மிடறு குடித்து இறக்கும்போதும் நுரை ஒரு வளையத்தை விட்டுச் செல்லும். கோப்பை காலியாகும்போது எத்தனை மிடறில் குடித்தீர்கள் என்று வளையங்களை எண்ணியே சொல்லிவிடலாம். இந்த வளையம் வரவில்லை என்றால் நான் கோப்பையைத் திருப்பி வாங்கி வேறொன்றில் ஊற்றித் தருவேன், வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும்.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. "பாதி நுரையை ஊற்றி ஏமாற்றுகிறான்" என்று சண்டைக்கு வந்தவர்கள் பலர். கோப்பையை 45 பாகைக்குச் சாய்த்து, குழாயை அரைகுறையாக இல்லாமல் ஒரே இழுப்பில் முழுதாகத் திறந்து, முக்கால் பங்கு நிறைந்ததும் நிமிர்த்தி, மேலே இரண்டு விரற்கடை நுரை நிற்கும்படி முடிப்பதுதான் முறை. அந்த நுரைக்குள்தான் வாசனை இருக்கிறது. நுரையே இல்லாமல் விளிம்புவரை ஊற்றிய பீரில் வாயு முழுவதும் உள்ளேயே தங்கி, கோப்பையில் வெளியேற வேண்டியது உங்கள் வயிற்றில் வெளியேறும். ஏப்பம் விட்டுக்கொண்டே சாப்பிட முடியாது. நாலு விரற்கடை நுரை வந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து மூக்கு. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை தூக்கலாக வந்தால், பீரைப் பக்குவப்படுமுன் தொட்டியிலிருந்து எடுத்திருப்பார்கள், அல்லது குழாயைக் கழுவி நாளாகியிருக்கும். காடி போலப் புளித்தால் குழாயில் கிருமி குடியேறியிருக்கிறது (வேண்டுமென்றே புளிக்கவைத்த பீர் வகைகளும் உண்டு, பட்டியலில் அப்படி எழுதியிருக்கும்). நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பழைய சரக்கு. பீர்க் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலுப்பான வேலை, யார் கண்ணுக்கும் தெரியாது, தள்ளிப்போட மனம் சாக்குத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வாடிக்கையாளர் மூக்கு கூர்மையாக இருக்க வேண்டும் என்கிறேன். "இதில் ஏதோ வாசனை சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று அமைதியாகச் சொன்னால் நல்ல கடையில் முகம் கோணாமல் மாற்றித் தருவார்கள்.

எதைக் கேட்பது

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். சதவீதக் குறியோடு இருப்பது ஆல்கஹால் அளவு. இன்னொன்று கசப்பின் அளவு: கோதுமை பீருக்கு 10, 15 என்று இருக்கும், ஐபிஏ எனப்படும், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ தூக்கலான வகைக்கு 40-லிருந்து 70 வரை போகும். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் பெயர் எவ்வளவு கோமாளித்தனமாக இருந்தாலும் கவலையில்லை.

முதல் தடவை போகிறவர் முழுக் கோப்பை கேட்கவே கூடாது. நாலு முதல் ஆறு வரை சிறு கோப்பைகளை ஒரு மரப்பலகையில் வரிசையாக வைத்துத் தருவார்கள். ஒவ்வொன்றும் 100 அல்லது 150 மில்லி இருக்கும். அதைக் கேளுங்கள். வெளிர் நிறத்திலிருந்து கறுப்பை நோக்கி, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிக் குடியுங்கள். தலைகீழாகப் போனால் முதல் கோப்பையோடு நாக்கு செத்துவிடும். பலகை வேண்டாம் என்றால், தெரியாத பீரை ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம். தயங்க வேண்டாம், ஒன்றிரண்டு கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பத்து கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்தவரை மட்டும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மருமகனோடு வந்திருந்தார். மருமகன் பட்டியலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, "தம்பி, இருப்பதிலேயே வேகம் கூடினது எது?" என்றார்.

"ஐயா, ஒன்பது சதவீதத்தில் ஒரு கறுப்பு பீர் இருக்கிறது. அதை முதலில் குடித்துவிட்டால் அதற்குப் பின் வருவது எதுவும் நாக்கில் ஏறாது. கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்."

ஜெர்மானியக் கோதுமை பீர் ஒன்றைச் சிறு கோப்பையில் வைத்தேன். மோந்து பார்த்தார், மறுபடி மோந்தார். "என்ன தம்பி, வாழைப்பழ எசன்ஸ் விட்டிருக்கிறீர்களா?"

"ஒரு சொட்டுகூட இல்லை ஐயா. ஈஸ்ட் செய்கிற வேலை. கொஞ்சம் கிராம்பும் தெரியும், பாருங்கள்."

ஒரு மிடறு குடித்தார். "மாப்பிள்ளை, நீங்களும் இதையே சொல்லுங்கள்" என்றார். கடைசியில் அந்தக் கறுப்பு பீரையும் சிறு கோப்பையில் வாங்கி, மருமகனுக்கு ஒரு வாய் கொடுக்காமல் தானே முடித்தார்.

அவர் கேட்டதிலிருந்து பேச்சு எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்பதற்குப் போயிற்று. உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 65 பாகை செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்போது கிளம்பும் வாசனை நம் வீட்டு ஹார்லிக்ஸ் வாசனைதான். அதுவும் முளைகட்டிய பார்லியில் செய்ததே. வடித்த சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துத் தொட்டியில் விடுவார்கள். ஏல் வகை 20 பாகையை ஒட்டிய வெப்பத்தில் நொதித்து இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். லாகர் குளிர்ச்சியில் மெல்ல நொதித்து, பிறகு பல வாரங்கள் குளிரிலேயே கிடந்து தெளிய வேண்டும். இடம் குறைந்த உணவகப் புரூவரியில் ஒரு தொட்டியை அத்தனை நாள் லாகருக்கு விட்டுவைப்பது நஷ்டக் கணக்கு. அதனால்தான் பட்டியலில் ஏல் வகைகள் அதிகமாக இருக்கும். அப்படி இருந்தும் ஒரு கடை நல்ல லாகர் வைத்திருந்தால், காய்ச்சுபவருக்குப் பொறுமையும் முதலாளிக்கு மனசும் இருக்கின்றன என்று பொருள். அதை விடாமல் குடித்துப் பாருங்கள்.

சாப்பாடு

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காரசாரமான கோழி இறக்கை ஒரு தட்டு, அதோடு மிகக் கசப்பான ஐபிஏ. மூன்றாவது துண்டில் கண்ணில் தண்ணீர். ஹாப்ஸின் கசப்பும் வாயுவின் குத்தலும் மிளகாயின் எரிச்சலைத் தணிக்காது, கூட்டும். காரத்துக்குக் கோதுமை பீர், அல்லது செம்பு நிறத்தில் மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பு தெரியும் அம்பர் ஏல். ஐந்து சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். நம் ஊர் மிளகு வறுவல் மாதிரி எதைச் சாப்பிட்டாலும் இதே கணக்குதான்.

ஐபிஏவுக்கு ஏற்றது கொழுப்பு. பாலாடைக்கட்டி வழியும் பர்கர், எண்ணெயில் பொரித்த கணவாய், உப்பு முட்டைக்கரு பூசிய கோழி. நாக்கில் படியும் கொழுப்பை அந்தக் கசப்பு வழித்தெடுத்துவிடும். அடுத்த கவளம் முதல் கவளம் போல் இருக்கும். உப்பு முட்டைக்கரு பூச்சு சிங்கப்பூர்ச் சமையலறைகளில் மிகவும் பிரபலம். மணல்மணலாக, கறிவேப்பிலை மணத்தோடு வரும். ஊர் நினைப்பு வந்தால் நான் பொறுப்பல்ல.

மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் எல்லாப் புரூவரி உணவகத்திலும் இருக்கும். சமையலறையை எடைபோட இதுவே போதும். மாவைத் தண்ணீருக்குப் பதில் பீரில் கரைத்திருப்பார்கள். பீரின் வாயு மாவுக்குள் குமிழ் விடுவதால் மேல்தோல் மெலிந்து மொறுமொறுப்பாக வரும். தட்டு வந்ததும் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். சத்தம் கேட்க வேண்டும். மீனைப் பிளந்தால் மாவுக்கும் மீனுக்கும் நடுவில் பசை போல வேகாத படலம் இருக்கக் கூடாது. உருளைக்கிழங்குக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் பொரித்த எண்ணெய் சூடேறவில்லை. இந்தத் தட்டோடு பில்ஸ்னர் அல்லது வெளிர் லாகர், குளிர்ச்சியாக. எலுமிச்சம்பழத்தை மீனில் பிழியுங்கள், பீரில் வேண்டாம்.

ஸ்டௌட் எனப்படும் கறுப்பு பீரைச் சாப்பாட்டோடு குடிப்பதைவிட, முடிந்தபின் சாக்லேட் கேக்கோடு குடிப்பது என் பழக்கம். கருக வறுத்த பார்லியில் காப்பியின் கசப்பு இருக்கிறது, கேக்கில் இனிப்பு இருக்கிறது. ஸ்டௌட் பனிக்கட்டி போல் வந்தால் பத்து நிமிடம் மேசையில் விட்டுவையுங்கள். வெளிர் லாகருக்கு 4, 5 பாகை குளிர்ச்சி சரி. ஸ்டௌட்டுக்கு 10 பாகையாவது வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் நாக்கு மரத்து, கொடுத்த காசில் பாதி ருசி தெரியாமலே போய்விடும்.

பெரிய பங்கு விலா எலும்பு, நாச்சோ மலை போன்றவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் இருந்தால் வாங்குங்கள்.

குடிக்காதவர்கள், சைவர்கள், குழந்தைகள்

அம்மாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. உணவகம்தானே, மாலை ஏழரைவரை குடும்பங்கள்தான் அதிகம் இருக்கும். மது பரிமாற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமுகமாக இருந்தால் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். குடிக்காதவர்களுக்கு அங்கேயே தயாரித்த இஞ்சி பானமோ ரூட் பீரோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயரில் பீர் இருந்தாலும் ரூட் பீரில் பொதுவாக மது கிடையாது.

சைவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உருளைக்கிழங்கும் மீனும் ஒரே எண்ணெயிலா? நாச்சோவின் மேல் ஊற்றும் பீன்ஸ் குழம்பில் இறைச்சி உண்டா? சீசர் சாலட்டின் சாற்றில் நெத்திலி உண்டா? மூன்றாவதற்கு அநேகமாக "உண்டு" என்றுதான் பதில் வரும். இலை மட்டும் தெரிவதால் நம்பி வாங்கிவிடுவார்கள். பீரிலேயே ஒரு நுணுக்கம் உண்டு. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைப் போட்டுப் பீரைத் தெளியவைக்கும் பழைய முறை சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கண்டிப்பான சைவர் என்றால் காய்ச்சுபவரிடமே கேட்டுவிடலாம். மில்க் ஸ்டௌட் என்று பெயரிட்டதில் பால் சர்க்கரை இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கலாம். ஹலால் உணவு மட்டும் சாப்பிடும் நண்பர்களை இங்கே அழைக்காதீர்கள். மது பரிமாறும் இடத்துக்குச் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் ஹலால் சான்றிதழ் தருவதில்லை. பக்கத்தில் வேறு கடைகள் இருக்கின்றன.

கணக்கு

பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அது முழு விலை அல்ல. 10 சதவீதச் சேவைக் கட்டணம் முதலில் ஏறும். அந்தத் தொகையின் மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி ஏறும். 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்ட பீர், கையெழுத்துப் போடும்போது 21 வெள்ளி 58 காசு. நாலு பேர் குடித்துச் சாப்பிட்ட மேசையில் இந்த வேறுபாடே ஒரு சாப்பாட்டு விலைக்கு வந்துவிடும். சேவைக் கட்டணம் வாங்கிவிட்ட இடத்தில் தனியாக இனாம் வைக்க வேண்டியதில்லை. எங்களில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: இங்கே ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி கலால் வரி. ஐந்து சதவீத பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, ஆகவே கோப்பைக்கு ஒன்றரை வெள்ளி வரி. மிச்சம் பெரும்பாலும் ஆற்றங்கரை வாடகை. கோப்பை அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்கப் பைண்ட் 473 மில்லி. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

திரும்பும் வழி

ஆறரை சதவீதத்தில் ஒரு பிரிட்டிஷ் பைண்ட் குடித்தால் உடம்புக்குள் போவது ஏறத்தாழ 29 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் கேளுங்கள். இந்தப் புழுக்கத்தில் தண்ணீர் குறைவாலும் மயக்கம் வரும். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மூச்சுச் சோதனையில் 100 மில்லி மூச்சுக்கு 35 மைக்ரோகிராம்தான் வரம்பு, அதைத் தாண்டினால் நீதிமன்றம். கிளார்க் கீ, ஃபோர்ட் கேனிங் என்று இரண்டு பெருவிரைவு ரயில் நிலையங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும்.

பீரைக் கேனிலோ புட்டியிலோ அடைத்து வீட்டுக்கு வாங்கிப்போகலாம், ஆனால் இரவு பத்தரைக்கு முன். லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பின் வந்த சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரவு பத்தரை முதல் காலை ஏழுவரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது, கடையில் எடுத்துச்செல்ல விற்கவும் கூடாது. அதற்கு முன்பெல்லாம் கிளார்க் கீயில் இருக்கும் ரீட் பாலத்தின்மேல் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது பத்தரைக்குப் பிறகு அங்கே புட்டியைத் திறந்தால் அபராதம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் விதிகள் இன்னும் கடுமை, ஆகவே பையில் இருப்பதைப் பையிலேயே வைத்திருங்கள்.

வாங்கிவந்த பீரை நேராகக் குளிர்பெட்டியில் வையுங்கள், அதுவும் நிமிர்த்தி. வெளிச்சம் படும் அலமாரி வேண்டாம். வெளிச்சம் ஹாப்ஸைக் கெடுத்து நாற்றம் வரவைக்கும். ஐபிஏ என்றால் வாசனை போகுமுன், சில வாரங்களுக்குள் குடித்துவிடுங்கள். ஒன்பது சதவீதக் கறுப்பு பீர் மட்டும் மாதக்கணக்கில் தாங்கும். குழாயிலிருந்து புட்டியில் நிரப்பித் தந்தது என்றால், மூடியைத் திறந்த அன்றே முடித்துவிட வேண்டும். மறுநாள் அதில் வாயு இருக்காது.